தூக்கிய வண்டி, பெரிய டயர், போதாத பிரேக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்டு, கம்பெனி டயரைக் கழற்றிவிட்டுப் பெரிய மட் டயர் மாட்டிய பிக்கப்புகளுக்கும் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளுக்கும் மட்டுமான கேள்விகள் இவை. உதாரணக் கணக்குகளில் 31 அங்குலத்திலிருந்து 35 அங்குலத்துக்குப் போன, சுமார் 2,500 கிலோ எடையுள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் வண்டியின் எண்களைப் போட்டு நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

பிரேக்கில் நான் கையே வைக்கவில்லை. டயர்தானே மாற்றினேன், பிறகு ஏன் வண்டி முன்போல நிற்பதில்லை?

கதவைக் கீல் பக்கம் கை வைத்து நிறுத்த முயன்று பாருங்கள். கைப்பிடிப் பக்கம் தள்ளுவது ஒரு சின்னப் பிள்ளையாக இருந்தாலும் நீங்கள் தோற்றுவிடுவீர்கள். பிரேக் டிஸ்க் இருப்பது கீல் பக்கம், ரோடு இருப்பது கைப்பிடிப் பக்கம். டயர் பெரிதாக ஆக ரோட்டின் பிடி நடுவிலிருந்து விலகிப் போகிறது, டிஸ்க்கோ இருந்த இடத்திலேயே இருக்கிறது.

31 அங்குல டயரின் ஆரம் 15.5, 35 அங்குலத்துக்கு 17.5. அதே வேகத்தில் அதே தூரத்தில் நிற்க வேண்டுமானால் சக்கரத்தில் 13 சதவீதம் கூடுதல் முறுக்குவிசை வேண்டும். 37 அங்குலத்துக்குப் போனால் 19 சதவீதம். கால் பெடலை அழுத்துவது அதே அளவு என்றால் இந்த வித்தியாசம் முழுக்க நிற்கும் தூரத்தில்தான் போய்ச் சேரும்.

டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவை அப்படியே நம்பிவிட வேண்டாம். 35 என்று போட்டிருக்கும் டயர் வண்டியின் எடையில் அமுங்கி நிற்கும்போது அதைவிடக் குறைவாகத்தான் வரும். தரையிலிருந்து ஹப்பின் நடுமையம் வரை டேப் வைத்து அளந்தால் ஏறக்குறைய உண்மையான ஆரம் கிடைத்துவிடும்.

டயர் எடை கூடியதுதான் முக்கியக் காரணம் என்கிறார்களே?

காரணம்தான், ஆனால் முக்கியமானது அது இல்லை. டயரின் எடையில் பெரும்பகுதி ரோட்டைத் தொடும் வெளிவட்டத்தில் இருக்கிறது. அந்த எடை வண்டியோடு சேர்ந்து முன்னால் போவதோடு சுற்றவும் செய்வதால், அங்கே கூடும் ஒவ்வொரு கிலோவும் பிரேக்குக்கு ஏறத்தாழ இரண்டு கிலோவாகத் தெரியும். டயருக்கு 12 கிலோ கூடுதல் என்றால் நாலு டயருக்கு 48. பிரேக்கின் கண்ணுக்கு அதிகபட்சம் 96 கிலோ, அதாவது பின்னால் கூடுதலாக ஒரு ஆள், ஒரு பெரிய பை. 2,500 கிலோ வண்டியில் அது 4 சதவீதத்துக்குள்தான் வரும். ஆரத்தால் வரும் 13 சதவீதம்தான் பெரிய திருடன்.

இதற்கு மேல் இரும்பு பம்பர், வின்ச், கூரை ரேக், தண்ணீர் டேங்க் என்று ஏற்றிக்கொண்டே போகிறோமே, அதை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. ஒருநாள் வண்டியை எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். என் வண்டியை ஏற்றியபோது சீட்டில் வந்த எண்ணைப் பார்த்துவிட்டு, எடை போட்டவரிடம் மெஷின் சரிதானா என்று கேட்டேன். சரிதான் என்றார்.

லிஃப்ட் மட்டும் போட்டேன், டயர் பழையதுதான். எனக்கும் பிரச்சினை உண்டா?

உண்டு, ஆனால் வேறு மாதிரி. வண்டி உயர்ந்தால் அதன் புவியீர்ப்பு மையமும் உயர்கிறது. பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் சாயும் எடை இந்த உயரத்தைப் பொறுத்தது. சக்கர இடைவெளி 3.2 மீட்டர் உள்ள வண்டியை ஓரளவு அழுத்தமாக, 0.7 ஜி அளவுக்கு (புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் ஏழு பங்கு) பிரேக் பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். மையம் 75 செ.மீ. உயரத்தில் இருந்தால் 410 கிலோ பின்னாலிருந்து முன்னால் போகிறது. அதே மையம் 85 செ.மீ. ஆனால் 465 கிலோ போகிறது. காலியான பிக்கப்பில் பின் சக்கரங்கள் முதலிலேயே லேசாகத்தான் நிற்கின்றன. இன்னும் 55 கிலோ போய்விட்டால் அவை முன்பைவிடச் சீக்கிரம் லாக் ஆகும், ஈரச் சாலையில் பின்பக்கம் சுழன்று வரப் பார்க்கும். ஆகவே முன் பிரேக்குக்கு வேலை கூடுகிறது, பின் பிரேக்கைக் கண்ணை மூடிக்கொண்டு பலப்படுத்துவது ஆபத்தாகிறது.

சக்கரத்துக்குப் பிரேக் ஆயில் கொண்டுபோகும் வளையும் குழாயான ஹோஸின் நீளமும் பின் ஆக்சிலில் இருக்கும் லோட் வால்வும் தனிக் கதை. கீழே வருகின்றன.

எந்தப் பாகத்தை முதலில் மாற்றுவது?

இப்படிக் கேட்பதே தப்பு என்பது என் கருத்து. உங்களுக்கு எது குறைகிறது என்று தெரியாமல் பாகம் வாங்கினால், தலைவலிக்குக் கண் சொட்டு மருந்து வாங்கிய கதையாகிவிடும். குறை மூன்று வகை: விசை போதவில்லை, சூடு தாங்கவில்லை, ரோட்டில் பிடி இல்லை. மூன்றுக்கும் மருந்து வெவ்வேறு, ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு ஒன்றும் செய்யாது.

ஆள் நடமாட்டமே இல்லாத, காய்ந்த, நேரான, தட்டையான இடத்துக்குப் போங்கள். வண்டிக்குள் உருளக்கூடிய எதையும் வைக்காதீர்கள். 50 கி.மீ. வேகத்தில் பெடலை முழு பலத்தோடு மிதியுங்கள். ஏபிஎஸ் துடித்தாலோ, ஏபிஎஸ் இல்லாத வண்டியில் டயர் கிறீச்சிட்டு லாக் ஆனாலோ, உங்கள் பிரேக்கிடம் அந்த நிலைமைக்கு வேண்டிய விசை இருக்கிறது. அதற்கு மேல் எவ்வளவு பெரிய கேலிப்பர் (பேட் எனும் உராய்வுக் கட்டைகளை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) போட்டாலும் அந்த ஒருமுறை நிற்கும் தூரம் ஒரு அடிகூடக் குறையாது, ஏனென்றால் தோற்பது டயர். காலால் எவ்வளவு அழுத்தியும் சக்கரம் லாக் ஆகவே மாட்டேன் என்கிறதா, அப்போது விசைக் குறை. பேட், டிஸ்க், கேலிப்பர், பூஸ்டர் பற்றிய பேச்செல்லாம் அவர்களுக்குத்தான்.

மிச்சமுள்ள வகை, முதல் மிதியில் நன்றாக நின்று, ஐந்தாவது ஆறாவது மிதியில் மங்கிப்போவது. மலையிறக்கத்தில் தெரியும். அது சூடு. 2,500 கிலோ வண்டியை 100 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்தினால் உண்டாகும் வெப்பம் மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதே வண்டி 300 மீட்டர் உயரம் பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கினால், அப்படி ஏழெட்டு முறை அடுத்தடுத்து நிறுத்தியதற்குச் சமம். அவ்வளவும் நாலு இரும்புத் தட்டுக்குள் போக வேண்டும்.

இந்தச் சோதனைக்கு முன்னால் இன்னொன்று. இருக்கும் பிரேக் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பாருங்கள். கேலிப்பர் ஸ்லைடு பின் துருப்பிடித்து இறுகியிருக்கும், பின் டிரம்மில் லைனிங் தேய்ந்து அட்ஜஸ்ட் ஆகாமல் இருக்கும், ஆயில் காபி நிறத்தில் இருக்கும், ஆனால் ஆறு பிஸ்டன் கிட் வாங்கலாமா என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். ரிப்பேர் வேறு, அப்கிரேடு வேறு. ரிப்பேர் முடிந்த பிறகுதான் அப்கிரேடு வேண்டுமா என்றே தெரியும்.

மட் டயரா, ஆல் டெரெய்ன் டயரா? பிரேக்குக்கு வித்தியாசம் உண்டா?

நிறையவே உண்டு. மட் டயரில் கட்டைகளுக்கு நடுவே இடைவெளி அதிகம், ரோட்டில் படும் ரப்பர் குறைவு, கட்டைகள் உயரமாக இருப்பதால் பிரேக் பிடிக்கும்போது அவை வளைந்து நெளியும். ஈரத் தார்ச்சாலையில் இது நன்றாகவே தெரியும். வாரம் முழுக்கத் தார்ச்சாலை, மாதத்தில் ஒருநாள் சேறு என்றால் ஆல் டெரெய்னே போதும். பிரேக் அப்கிரேடில் கிடைக்காத ஒன்று அதில் கிடைக்கும்.

பேட் மாற்றினால் மட்டும் போதுமா?

35 அங்குலம் வரை, சுமை இழுக்காத, ஒழுங்காகப் பராமரித்த வண்டிக்குப் பலருக்கும் போதும். செய்யும் வேலைக்குக் கிடைக்கும் பலனில் பேட்டை மிஞ்ச எதுவும் இல்லை.

பேட்டின் பின்புறமோ ஓரத்திலோ ஒரு நீண்ட எண் அச்சடித்திருப்பார்கள், அதில் இரண்டு ஆங்கில எழுத்து வரும். 'ஈ' என்றால் உராய்வுக் கெழு 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45, 'ஜி' என்றால் 0.45 முதல் 0.55. முதல் எழுத்து சாதாரண சூட்டுக்கு, இரண்டாவது எழுத்து அதிகச் சூட்டுக்கு. 'ஈ ஈ' பேட்டை எடுத்துவிட்டு 'எஃப் எஃப்' போட்டாலே, நீங்கள் டயரில் தொலைத்த 13 சதவீதம் பெரும்பாலும் திரும்பிவிடும். முதல் எழுத்து நல்லதாகவும் இரண்டாவது அதைவிடத் தாழ்ந்தும் இருந்தால் சூட்டில் மங்கக்கூடிய பேட் என்று அர்த்தம். கனமான வண்டிக்கு அது வேண்டாம். எழுத்து ஒன்றேயானாலும் எல்லாப் பேட்டும் ஒன்றில்லை என்பதையும் நினைவில் வையுங்கள், அந்த 0.10 இடைவெளிக்குள் எங்கே நிற்கிறது என்பதை எழுத்து சொல்லாது.

கனமான, தூக்கிய வண்டிக்குச் செமி மெட்டாலிக்தான் என் முதல் தேர்வு. சத்தம் கொஞ்சம் போடும், ரிம்மெல்லாம் கறுப்புத் தூளாகும், டிஸ்க்கைச் சற்று வேகமாகத் தின்னும். செராமிக் சுத்தமானது, அமைதியானது, தினசரி ஊருக்குள் ஓட்டுபவருக்குப் பொருந்தும். பந்தய பேட் மட்டும் வேண்டவே வேண்டாம், அது சூடேறும்வரை சரியாகப் பிடிக்காது. காலையில் முதல் சிக்னலில் அது சூடாக இருக்காது.

துளை போட்ட, கோடு கீறிய டிஸ்க் நல்லதா?

பார்க்க நல்லது. விசையை அதுவாகக் கூட்டாது. கோடு கீறியது தண்ணீரையும் சேற்றையும் பேட் முகத்திலிருந்து வழித்துத் தள்ளும், அந்த அளவில் காட்டுவழி போகும் வண்டிக்குப் பிரயோஜனம் உண்டு. துளை போட்டதில் இரும்பு குறைகிறது, அதாவது சூட்டை வாங்கிக்கொள்ளும் எடை குறைகிறது, கனமான வண்டியில் துளையைச் சுற்றி மயிர்விரிசல் வரவும் வாய்ப்புண்டு. சேறு போய் அடைத்துக்கொண்டால் அதைக் குத்தி எடுப்பது வேறு வேலை. கோடு சரி, துளை வேண்டாம் என்பேன்.

பெரிய டிஸ்க் போட்டால்?

இதுதான் நேரான மருந்து. டயர் ரோட்டின் பிடியை நடுவிலிருந்து விலக்கியது, நாமும் பேட்டின் பிடியை நடுவிலிருந்து விலக்குகிறோம், அவ்வளவுதான். 300 மி.மீ. டிஸ்க்கில் பேட் அழுத்தும் வட்டத்தின் ஆரம் சுமார் 124 மி.மீ. என்றால், 340 மி.மீ. டிஸ்க்கில் அது 144 ஆகும். 16 சதவீதம் கூடுதல். 35 அங்குல டயர் எடுத்துக்கொண்ட 13 சதவீதத்தைத் திருப்பிக் கொடுத்து மேலே கொஞ்சமும் தருகிறது, அதுவும் பெடலின் உணர்வை மாற்றாமல். இரும்பு அதிகம் என்பதால் சூடும் மெதுவாக ஏறும்.

ரிம்தான் தடை. 16 அங்குல ரிம்முக்குள் பெரிய டிஸ்க்கும் கேலிப்பரும் நுழையாது. 17 சில கிட்டுகளுக்கு ஆகும், பலவற்றுக்கு 18 வேண்டும். வாங்குமுன் கிட் தயாரிப்பாளரிடம் காகித அச்சு ஒன்று கேட்டு வாங்கி, அட்டையில் வெட்டி ரிம்முக்குள் வைத்துப் பாருங்கள். கேலிப்பருக்கும் ரிம்முக்கும் நடுவே இடுக்கு மிகவும் குறைவாக இருந்தால் அங்கே சிக்கும் ஒரு சிறு கல் ரிம்மையே உள்ளுக்குள் வட்டமாகக் கீறிவிடும். இப்படிக் கீறிய ரிம் ஒன்றை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன், நகம் உள்ளே இறங்கியது.

ஆறு பிஸ்டன் கேலிப்பர் இரண்டு பிஸ்டனைவிட மூன்று மடங்கு பிடிக்குமா?

இல்லை. சில சமயம் குறைவாகக்கூடப் பிடிக்கும். எண்ண வேண்டியது பிஸ்டனை இல்லை, பரப்பளவை. அதிலும் இரண்டு பக்கமும் பிஸ்டன் உள்ள நிலையான கேலிப்பரில் ஒரு பக்கத்தை மட்டும்தான் எண்ண வேண்டும், எதிர்ப்பக்கம் அதற்கு ஈடாக நின்று தாங்குகிறது.

கணக்கைப் பாருங்கள். கம்பெனி கேலிப்பரில் ஒரு பக்கம் 45 மி.மீ. பிஸ்டன் இரண்டு: சுமார் 3,180 சதுர மி.மீ. ஆறு பிஸ்டன் கிட்டில் ஒரு பக்கம் 32, 36, 38 மி.மீ. என்று மூன்று: சுமார் 2,956. ஏழு சதவீதம் குறைந்துவிட்டது! இதையே பெரிய டிஸ்க்கோடு கிட்டாகத் தருவதால் மொத்தத்தில் லாபம்தான் வரும், அதில் தப்பில்லை. அந்த லாபம் டிஸ்க் கொடுத்தது. நிறைய பிஸ்டன் இருப்பதன் நிஜமான நன்மை நீளமான பேட்டை ஒரே சீராக அழுத்துவதும், பேட் ஒரு முனையில் மட்டும் தேயாமல் இருப்பதும்.

மாஸ்டர் சிலிண்டரைப் பெரிதாக்கினால் பிரேக் கூடுமா?

குறையும். அடிக்கடி நடக்கும் தப்பு இது, 'பெரியது' என்ற சொல்லே ஆளை ஏமாற்றிவிடுகிறது. மாஸ்டர் சிலிண்டரின் துளை பெரிதானால் ஒவ்வொரு மிதிக்கும் அதிக ஆயிலைத் தள்ளும், ஆனால் அதே கால் பலத்துக்கு அழுத்தம் குறையும். 25.4 மி.மீ. துளையிலிருந்து 28.6 மி.மீ. போனால் அழுத்தம் சுமார் 21 சதவீதம் விழும். பெடல் கல் மாதிரி இருக்கும், ஓட்டுபவர் 'ஆகா, பிரேக் இறுக்கமாக இருக்கிறது' என்று சந்தோஷப்படுவார், வண்டி மட்டும் நிற்காது.

பெரிய துளை எப்போது வேண்டும் என்றால், கேலிப்பரின் மொத்தப் பிஸ்டன் பரப்பைக் கூட்டி, அதனால் பெடல் தரைவரை இறங்கும்போது. அதாவது மாஸ்டரும் கேலிப்பரும் ஜோடி. ஒன்றைத் தொட்டால் இன்னொன்றைக் கணக்குப் பார்க்காமல் விடக்கூடாது.

பூஸ்டர் பற்றிச் சொல்லுங்கள்.

பூஸ்டர் உங்கள் காலின் பலத்தைக் கூட்டுகிறது, வேறொன்றும் இல்லை. ஒற்றை டயாஃப்ரம் உள்ள பழைய வண்டிக்கு இரட்டை டயாஃப்ரம் பூஸ்டர் போட்டால் கால் வலி குறையும். எஞ்சினை மாற்றிய வண்டிகளில், முக்கியமாகக் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மாற்றிய பெட்ரோல் எஞ்சின்களில், பூஸ்டரை இயக்கும் வெற்றிடம் குறைந்துபோய் அது பாதி பலத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே புதுப் பூஸ்டர் வாங்குமுன் வேக்யூம் கேஜ் மாட்டிப் பாருங்கள். கனமான வண்டிகளுக்கு ஹைட்ரோபூஸ்ட் என்று ஒன்று இருக்கிறது, பவர் ஸ்டீயரிங் பம்பின் அழுத்தத்தில் ஓடுவது. வெற்றிடமே வேண்டாம், உதவி நிறையக் கிடைக்கும். ஆனால் பம்பும் ஹோஸும் அதற்குத் தகுந்த நிலையில் இருக்க வேண்டும். 37 அங்குலத்துக்கு மேல் போகிறவர்கள் யோசிக்கலாம்.

சூடு பிரச்சினைக்குப் பூஸ்டர் மருந்தே இல்லை. இன்னும் பலமாக அழுத்தி இன்னும் சூடாக்கும்.

பின் ஆக்சிலில் கம்பியோடு இணைந்த ஒரு வால்வு இருக்கிறது. அதைத் தொடலாமா?

தொட்டே ஆக வேண்டும். பல பிக்கப்புகளில் சேசிஸுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே ஒரு கம்பி இருக்கும். சுமை ஏறினால் சேசிஸ் தாழ்ந்து ஆக்சிலை நெருங்கும், வால்வு அதைப் பார்த்துப் பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். காலி வண்டி என்றால் குறைத்துவிடும். லிஃப்ட் போட்டதும் சேசிஸ் ஆக்சிலை விட்டு விலகிவிடுகிறது. வால்வுக்கு அது எப்படித் தெரியும்? 'அடடா, வண்டி காலியோ காலி' என்று நினைத்துப் பின் பிரேக்கை ஏறக்குறைய மூடிவிடும். நீங்கள் ஒரு டன் ஏற்றியிருந்தாலும்!

தீர்வு எளிது. கம்பியின் ஆக்சில் பக்க முனையை, பின்பக்கம் எவ்வளவு உயர்த்தினீர்களோ அந்த அளவுக்கு உயர்த்தும் ஒரு பிராக்கெட். நல்ல லிஃப்ட் கிட்களில் கூடவே வரும், பல இடங்களில் அதை மாட்டாமல் பெட்டியிலேயே விட்டுவிடுவார்கள். வால்வையே பிடுங்கி எறிந்துவிட்டு நேராகக் குழாய் போடுவது சிலருக்கு வழக்கம். காலி வண்டியில், மழையில், ஒரு வளைவில் அதற்கான விலை தெரியும்.

பின் டிரம்மை டிஸ்க்காக மாற்றலாமா?

சேற்றிலும் தண்ணீரிலும் அடிக்கடி இறங்குபவர் என்றால் தாராளமாக. டிரம்முக்குள் போன சேறு வெளியே வராது, லைனிங்கை உப்புத்தாள் மாதிரி தேய்த்துவிடும், நனைந்த டிரம் காய நேரமாகும். மற்றவர்களுக்கு அவசரமில்லை. நிறுத்தும் வேலையில் பெரும்பகுதி முன்பக்கம்தான் நடக்கிறது, நல்ல நிலையில் உள்ள டிரம் சுழற்சியாலேயே தன்னை இறுக்கிக்கொள்ளும் தன்மையுள்ளது என்பதால் பலவீனமானதும் இல்லை.

மாற்றினால் இரண்டு விஷயத்தை மறக்க வேண்டாம். ஒன்று, டிரம்முக்காகக் குழாயில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வால்வு சில பழைய வண்டிகளில் உண்டு. அதை எடுக்காவிட்டால் டிஸ்க்கில் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். இரண்டு, ஹேண்ட் பிரேக். பின் கேலிப்பர் கிட்டில் ஹேண்ட் பிரேக் ஏற்பாடு உண்டா என்று கேட்டு வாங்குங்கள். பெரிய டயர் போட்ட வண்டியைச் சரிவில் பிடித்து நிறுத்த ஹேண்ட் பிரேக்குக்கும் அதே 13 சதவீதக் கூடுதல் வேலைதான்.

ஹோஸ் எவ்வளவு நீளம் வேண்டும்?

கணக்குப் போடாதீர்கள், அளந்து பாருங்கள். வண்டியை ஜாக்கியில் ஏற்றி, சேசிஸைத் தாங்கு கால்களில் நிறுத்தி, சக்கரத்தை முழுக்கத் தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்புங்கள். எந்த நிலையிலும் ஹோஸ் இறுகக் கூடாது, முறுக்கிக்கொள்ளக் கூடாது. பிறகு சக்கரம் முழுக்க மேலேறும்போது டயரிலோ ஸ்பிரிங்கிலோ உரசக் கூடாது. ஏபிஎஸ் சென்சார் ஒயரையும் ஹேண்ட் பிரேக் கேபிளையும் அப்போதே பாருங்கள், பலரும் ஹோஸை மட்டும் பார்த்துவிட்டு ஒயரை மறந்து, முதல் பள்ளத்தில் அறுத்துக்கொள்வார்கள்.

லிஃப்ட் போட்டபின் இழுத்துப் பிடித்த பழைய ஹோஸோடு ஓட்டுவதில் சமரசமே கிடையாது. பேட்டையும் டிஸ்க்கையும் அடுத்த மாதம் பார்க்கலாம், ஹோஸை இன்று.

ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் அழுத்தத்தில் ரப்பர் அளவுக்கு உப்பாது, பெடல் கொஞ்சம் உறுதியாகத் தெரியும். நிற்கும் தூரம் அதனால் பெரிதாகக் குறையாது. டாட் (அமெரிக்கப் போக்குவரத்துத் துறை) தரமுத்திரை உள்ளதாக வாங்குங்கள், பின்னலுக்குமேல் பிளாஸ்டிக் உறை இருந்தால் மணல் புகுந்து உள்குழாயை அறுக்காது.

பிரேக் ஆயில் எது?

டாட் 3 புதிதாக இருக்கும்போது கொதிக்க 205 டிகிரி செல்சியஸாவது வேண்டும், ஈரம் குடித்தபின் 140தான். டாட் 4 என்றால் 230, 155. டாட் 5.1 என்றால் 260, 180. இவை குறைந்தபட்ச அளவுகள், நல்ல ஆயில் இதைவிட மேலேயே இருக்கும். ஆயில் காற்றிலிருந்தே ஈரத்தைக் குடிக்கும், ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஆற்றுக்குள் இறங்கிப் பழக்கமுள்ளவர்கள் வருடம் ஒருமுறை. டாட் 5 மட்டும் சிலிக்கோன், பேரில் 5.1க்கு அண்ணன் மாதிரி இருந்தாலும் உறவே இல்லை. மற்றவற்றோடு கலக்கக் கூடாது, ஏபிஎஸ் வண்டிக்கும் ஆகாது.

இறக்கத்தில் பெடல் பஞ்சு மாதிரி இறங்கினால் ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கிறது. பெடல் கட்டியாகவே இருந்து வண்டி நிற்காவிட்டால் பேட் மங்கியிருக்கிறது. இரண்டுக்கும் முதலில் செய்ய வேண்டியது கியரைக் குறைப்பது.

ஸ்பீடோமீட்டரையும் ஏபிஎஸ்ஸையும் திருத்த வேண்டுமா?

ஆம், இதைப் பிரேக் வேலையின் ஒரு பகுதியாகவே எண்ணுங்கள். 35 அங்குல டயரில் முள் 100 காட்டும்போது வண்டி 113ல் ஓடுகிறது. நிறுத்த வேண்டிய ஆற்றல் 27 சதவீதம் கூடிவிட்டது. 'பிரேக் பிடிக்கவில்லை' என்று புலம்பும் சிலருக்குப் பாதிக் காரணம் இதுதான், அவர்கள் நினைத்ததைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

நாலு டயரும் ஒரே அளவு என்றால் ஏபிஎஸ் பெரும்பாலும் குழம்பாது, அது சக்கரங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்கிறது. ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் அப்படியில்லை, ஸ்டீயரிங் கோணத்தையும் வேகத்தையும் வைத்து வண்டி எப்படித் திரும்ப வேண்டும் என்று கணக்குப் போடுகிறது. கம்ப்யூட்டரில் டயர் அளவை மாற்றிவிடுங்கள்.

கியர் விகிதம் மாற்றினால் பிரேக்குக்கு உதவுமா?

இறக்கத்தில் நன்றாகவே உதவும். பெரிய டயர் எஞ்சின் பிரேக்கிங்கிலும் சுமார் 11 சதவீதத்தைத் தின்றுவிடுகிறது. ஆக்சிலில் 4.10 கியர் விகிதம் உள்ள வண்டிக்கு 31லிருந்து 35 போனால் பழைய நிலைக்குத் திரும்ப 4.63 வேண்டும். கடையில் கிடைப்பது 4.56 அல்லது 4.88. மலை ஏறி இறங்குபவர் 4.88 போடலாம். திடீர் பிரேக்குக்கு இதனால் ஒன்றும் கிடைக்காது.

பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறது, ஸ்டீயரிங் நடுங்குகிறது. டிஸ்க் வளைந்துவிட்டதா?

டிஸ்க் நிஜமாகவே வளைவது அபூர்வம். பேட்டின் பொருள் டிஸ்க்கில் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும், அல்லது ஹப் முகத்தில் துரு இருக்கையில் டிஸ்க்கை அப்படியே மாட்டியிருப்பார்கள். இழுப்பதற்கு முதல் சந்தேகம் ஸ்லைடு பின், அடுத்தது உள்ளுக்குள் ஊதி அடைத்துக்கொண்ட பழைய ரப்பர் ஹோஸ். இவை சரியென்றால் லிஃப்ட்டைப் பாருங்கள். காஸ்டர் கோணம் (முன் சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் அளவு) குறைந்திருந்தால் பிரேக்கில் வண்டி அலையும், வெளியே தள்ளிய ரிம்மும் சக்கரத்தை வெளியே தள்ளும் ஸ்பேசரும் அந்த இழுப்பை ஸ்டீயரிங்குக்கு இன்னும் பலமாகக் கொண்டுவரும். பிரேக் கடைக்குப் போய் அலைந்து கடைசியில் அலைன்மென்ட்டில் தீர்ந்த வண்டிகள் உண்டு, என்னுடையது அதில் ஒன்று.

டிரெய்லர் இழுக்கிறேன்.

டிரெய்லருக்கே தனிப் பிரேக் போடுங்கள், கன்ட்ரோலரோடு. வண்டியின் பிரேக்கைப் பெரிதாக்கி அதை ஈடுகட்டப் பார்க்காதீர்கள்.

புதுப் பேட் போட்டபின் பழக்குவது எப்படி?

தயாரிப்பாளர் தாள் கொடுத்திருந்தால் அதன்படி. இல்லாவிட்டால் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10க்கு, மிதமான அழுத்தத்தில் எட்டுப் பத்து முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே கொஞ்சம் ஓடவிட்டு. முழுக்க நிறுத்திப் பெடலில் காலை வைத்துக்கொண்டே நிற்காதீர்கள், சூடான பேட் அந்த இடத்தில் ஒட்டி அச்சுப் பதித்துவிடும். முடிந்ததும் பிரேக் தொடாமல் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி ஆறவிடுங்கள். கொஞ்சம் வாடை வரும், பயப்பட வேண்டாம்.

எல்லாம் மாட்டியாயிற்று. ரோட்டில் இறக்கலாமா?

எஞ்சினை ஓடவிட்டு, வண்டி நின்ற இடத்திலேயே பெடலை முழு பலத்தோடு மிதித்து ஒரு நிமிடம் பிடியுங்கள். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிகிறது, ஒவ்வொரு நட்டையும் கையால் தடவிப் பாருங்கள். பஞ்சு மாதிரி இருந்தால் இன்னும் ஏர் இருக்கிறது. கேலிப்பரை இடம் வலம் மாற்றி மாட்டி ஏர் எடுக்கும் நிப்பிள் கீழே வந்துவிட்டதா என்று பாருங்கள், எத்தனை முறை எடுத்தாலும் ஏர் தீராததற்கு இது பழைய காரணம். நடை வேகத்தில் நாலைந்து முறை நிறுத்திய பிறகு வெளியே எடுங்கள். 80, 100 கி.மீ. ஓடியதும் வீல் நட்டை டார்க் ரெஞ்சில் மறுபடி இறுக்கி, ஹோஸ் எங்காவது உரசிய தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அப்புறம் அந்த ஆள் நடமாட்டமில்லாத இடத்துக்கே திரும்பிப் போய், அதே 50 கி.மீ. வேகத்தில், அதே மிதி.